இந்த வீட்டுக்கு என்ன பெயர்?

அம்மம்மாவின் றங்குப்பெட்டியில், கூறைச்சேலைக்கு அடியில், ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் ஓர் உறுதி. தாள் பழுப்பேறி, மடிப்புகளில் இழை விட்டுப்போயிருந்தது. வரகு விரை நான்கு பரப்பு. கிழக்கே ஒழுங்கை, மற்ற மூன்று பக்கமும் உறவுக்காரரின் வளவுகள். அதற்குள் அடங்கிய வீடு, பனை, பலா. கடைசி வரியில் பங்குக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், அதற்குப் போய்வரும் வழிவாய்க்காலும். 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தில் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுக்க எழுந்து நடந்தபோது, அம்மம்மா நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது இந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான். நகை வேறொருவர் கையில் இருந்தது. உறுதியை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

அந்த உறுதியை அவ்வளவு காத்தவர், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று ஒரு வரி எழுதாமல் கண்மூடினார். யாராவது கேட்டால், "உதுக்கு இப்ப என்ன அவசரம், நான் இன்னும் செத்துப்போகேல்லை" என்பார். ஆறு பிள்ளைகள். அந்த ஆறு பேருக்கும் சராசரியாக நான்கு பிள்ளைகள் என்று வையுங்கள். அடுத்த தலைமுறையில் இருபத்துநான்கு பங்காளிகள். நான்கு பரப்பு என்றால் நாற்பது பேர்ச்சஸ். ஆளுக்கு ஒன்றேமுக்கால் பேர்ச்சஸ்கூட வராது. அதில் ஒரு மாட்டுக்கொட்டில்கூடப் போட முடியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. 2025 மார்ச் 28இல் வந்த ஒரு வர்த்தமானி அறிவித்தல் எங்கள் எல்லோரையும் பெட்டி திறக்க வைத்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வடக்கில் ஏறக்குறைய 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், கோராதவை அரச காணியாகும் என்றது அது. அதில் பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்துக் காணி. ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் ஊர் மூச்சு விட்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் எத்தனையோ குடும்பங்கள் முதன்முறையாக ஒன்றைக் கண்டுகொண்டன. உறுதி கையில் இருக்கிறது. அதில் பெயர் உள்ளவர் இருபது, முப்பது வருடத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அவருக்கும் இன்று அந்த வீட்டில் அடுப்பெரிப்பவருக்கும் இடையில் ஒரு காகிதமும் இல்லை.

நாம் எழுதாமல் விட்டால் நமக்காகச் சட்டம் எழுதும். யாழ்ப்பாணத் தமிழருக்கு அப்படி எழுதும் சட்டத்தின் பெயர் தேசவழமை.

ஒல்லாந்தர் காலத்தில், 1706இல், ஆளுநர் கொர்னேலிஸ் ஜோன் சைமன்ஸ் இந்த ஊர் வழக்குகளைத் திரட்டி எழுதச் சொன்னார். எழுதியவர் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ். ஜான் பீரூஸ் அதைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலிமார் படித்துப் பார்த்து, இது எங்கள் வழக்கம்தான் என்று ஒப்பம் வைத்தார்கள். 1707இல் அது சட்டமாயிற்று. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதை அப்படியே ஏற்றார்கள். ஆனால் இன்று ஒரு குடும்பத்தின் சொத்து எப்படிப் பிரியும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பழைய ஏடு அல்ல. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரித்துடைமைக் கட்டளைச் சட்டமும், அதற்கு 1947இல் வந்த திருத்தமும்தான். "எங்கட தேசவழமைப்படி" என்று பந்தலில் இருந்து பேசும் பெரியவர்களில் பலர், தங்கள் பாட்டன் சொன்ன வழமையைத்தான் சொல்கிறார்கள். இடையில் இரண்டு முறை சட்டம் மாறிவிட்டது. கலியாணம், செத்தவீடு இரண்டிலும் இந்தக் குழப்பத்தை நான் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் அதனால் உறவு முறிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு இது பொருந்தும்? வடமாகாணத்தில் நிலையாகக் குடியிருக்கும் தமிழருக்கு. மட்டக்களப்புப் பெண் ஒருவர் தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணந்தால், அந்த மணம் நிலைக்கும் வரை அவருக்கும் இதுவே சட்டம். இங்கத்தைய பெண் அதற்கு உட்படாதவரை மணந்தால், அந்தக் காலத்துக்கு இதிலிருந்து விலகிவிடுகிறார். கொழும்பிலோ வெளிநாட்டிலோ நிரந்தரமாகக் குடியேறியவருக்குப் பொருந்துமா என்பதை, பிரச்சினை எழும்போது நீதிமன்றத்தில் சான்று வைத்துத்தான் நிறுவ வேண்டும். யாழ்ப்பாண முஸ்லிம் குடும்பங்களின் உரித்து முஸ்லிம் சட்டத்தின்படி போகும்.

தேசவழமைக்கு ஒரு வீடு வெறும் வீடு அல்ல. அதற்கு ஒரு பெயர் உண்டு. பெற்றோர், பாட்டன் பாட்டி வழி வந்தால் முதுசம். மற்ற உறவினர் வழி வந்தால் உரிமை. மகளின் கலியாணத்துக்குக் கொடுத்தால் சீதனம். மணமான பிறகு கணவனோ மனைவியோ தாமே உழைத்துத் தேடினால் தேடிய தேட்டம். வீட்டுக்காரர் இறந்த மறுநாள் அந்த வீட்டில் யார் இருக்கலாம், யார் விற்கலாம் என்பதெல்லாம் இந்தப் பெயரைப் பொறுத்தது. அறுதி உறுதியைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த வீட்டுக்கு என்ன பெயர்?

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாற்பது வருடமாக ஒரே முற்றத்தைக் கூட்டிப் பெருக்கியவள். வீடு கணவனின் தகப்பன் வழி வந்தது, முதுசம். கணவன் மரணசாதனம் எழுதாமல் இறந்துபோகிறார். பொதுச் சட்டத்தின் கீழ் வாழும் ஒரு கொழும்புப் பெண்ணாக இருந்தால், கணவனின் சொத்தில் பாதி அவளுக்கு வரும். யாழ்ப்பாணத்து மனைவிக்கு அந்த முதுச வீட்டில் பங்கு இல்லை. பிள்ளைகள் இருந்தால் முழுவதும் பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக. பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாமலே காலம் போய்விடும். பிள்ளை இல்லாவிட்டால்தான் நெஞ்சு பதைக்கும். வீடு கணவனின் சொந்தங்களிடம் திரும்பிப் போகும். துடக்கு கழிந்த கையோடு கொழுந்தன்மார் வந்து, "அண்ணி, காணியை ஒருக்கா அளக்க வேணும்" என்று நிற்பது சட்டப்படி பிழையல்ல. அந்தப் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அதே வீடு தேடிய தேட்டமாக இருந்தால் கதை வேறு. கணவன் தன் சம்பளத்தில், மணமான பிறகு வாங்கியது என்றால், எழுதாமல் இறந்தாலும் பாதி மனைவிக்கு. மற்றப் பாதி கணவனின் மற்ற உரித்தாளருக்கு. மனைவி தேடியது என்றால் அதே கணக்குக் கணவனுக்கும். மணமுறிவு வந்தாலும் ஒருவரின் தேட்டத்தில் பாதியை மற்றவர் பெறலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், காசு எங்கிருந்து வந்தது என்பதில். முதுச வயலை விற்ற காசில் நகரத்தில் ஒரு வீடு வாங்கினால், அந்த வீடு தேட்டமாகாது. வயலின் இடத்தில் நிற்கும் தனிச் சொத்து அது. ஆனால் அதே முதுசத் தோட்டத்தில் விளைந்த புகையிலையை விற்ற காசு, மணவாழ்க்கைக் காலத்தில் வந்த வருமானமாகையால், தேட்டம். ஒரே மண், இரண்டு பெயர். அதனால்தான் புதிதாக வாங்கும்போது பணம் எந்த வழியில் வந்தது என்பதை உறுதியிலேயே நொத்தாரிசு குறித்துவைப்பது நல்லது. முப்பது வருடம் கழித்து அதை நினைவிலிருந்து சொல்ல ஆள் இருக்காது.

சீதன வீடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கலியாணமாகி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பது இங்கே பரவலான வழக்கம். சீதனத்தின் பெயரால் நடக்கும் கொடுமைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. அவற்றை நியாயப்படுத்த மாட்டேன். இருந்தும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் காணி இந்த ஊர்ப் பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு நிலத்தைக் கொடுத்தது. அந்தக் காணியில் மருமகன் வெளிநாட்டுக் காசில் மாடி கட்டுகிறார். மாடி யாருடையது? நிலம் யாருடையதோ, கட்டடம் அதனோடு சேரும். கட்டியவர் செலவழித்ததற்கு ஈடு கேட்டு வாதாடலாம். வீட்டைத் தனது என்று சொல்ல முடியாது. கட்டத் தொடங்கும்போதே இதைப் பேசித் தெளிந்த குடும்பங்கள் பின்னால் பிரக்கிராசி வீட்டு வாசலில் நிற்பதில்லை.

ஆனால் அந்தப் பெண் தன் சீதனக் காணியை நினைத்தபடி விற்க முடியுமா என்றால், முடியாது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மணமான பெண் உயிரோடிருக்கையில் அசையாச் சொத்தை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்கிறது. கணவனுக்கு மனைவியின் கையொப்பம் வேண்டாம். நூறு வருடத்துக்கு மேலாகியும் இந்தப் பிரிவு அப்படியே இருப்பது நியாயமில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், இது மாற வேண்டும். ஆனால் மாறும்வரை கையில் இருக்கும் வழிகளைப் பெண்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், மனநிலை பிறழ்ந்திருந்தால், நீண்டகாலம் சிறையில் இருந்தால், இருப்பிடமே தெரியாவிட்டால், நியாயமில்லாமல் இசைவை மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்த இசைவைத் தரலாம் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. இன்னொன்று, இதைப் பலர் அறியார்: தன் தனிச் சொத்தை மரணசாதனம் மூலம் எழுதிவைக்க மனைவிக்குக் கணவனின் இசைவு தேவையே இல்லை. காசும் நகையும் போன்ற அசையும் சொத்துக்கும் தேவையில்லை.

இருப்பிடம் தெரியாத கணவன் என்று எழுதும்போது கை தயங்குகிறது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு இந்த மண்ணில் அது சட்டப் புத்தகத்து வார்த்தை மட்டும் அல்ல. படத்தைக் கையில் ஏந்தி வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரிடம், மனைவிமாரிடம், மரண அத்தாட்சிப் பத்திரம் எடுங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மரணங்களைப் பதிவதற்கு 2010இல் வந்த தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் அதைத்தான் சொன்னது. 2016இல் அதைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவர் இல்லாத நிலையில் குடும்பத்தின் சொத்தையும் பிள்ளைகளின் காரியத்தையும் பார்க்க அது ஒரு வழி. அதை எடுப்பதால் தேடலைக் கைவிட்டதாக ஆகாது. இதை அந்தக் குடும்பங்களுக்கு ஒரு முறையல்ல, பல முறை சொல்ல வேண்டும்.

இனி மரணசாதனம். "உயில் எழுதினால் ஆயுள் குறையும்" என்ற பயம் நம்மவரிடம் ஆழமாக இருக்கிறது. எழுதுவது உண்மையில் எளிது. இரண்டு வழி. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையொப்பமிடுவது ஒன்று. நொத்தாரிசு இல்லாமல், ஐந்து சாட்சிகள் ஒன்றாக இருக்கக் கையொப்பமிடுவது மற்றது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வகுத்த முறை இது. நான்கு சாட்சியோடு எழுதிய தாள் செல்லாது. இரண்டு பேர் இன்றைக்கும் மூன்று பேர் நாளைக்குமாக ஒப்பமிட்டதும் செல்லாது. கொப்பித் தாளில் எழுதித் தலையணைக்குள் வைத்த பல விருப்பங்கள் இப்படித்தான் வெறும் தாளாகிப் போயின. சொத்து எதுவும் பெறாத வெளியாரைச் சாட்சியாக வையுங்கள். பிறகு யாரும் வாய் திறக்க இடமிராது. இலங்கையில் மரணசாதனம் எழுதுபவருக்கு முழுச் சுதந்திரம் உண்டு: முதுசமாக இருந்தாலும் மனைவிக்கு எழுதலாம். நான் மேலே சொன்ன பெண்ணுக்கு ஒரு தாள் இருந்திருந்தால் போதும். எழுதியவர் இறந்தபின் அது மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்புவித்து உறுதிசெய்யப்பட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

வளர்த்த பிள்ளைக்கும் இதைவிட நல்ல காவல் இல்லை. தங்கச்சியின் பிள்ளையைக் கேட்டு வாங்கித் தன் பிள்ளையாய் வளர்ப்பது இங்கே இயல்பு. மகவேற்புக் கட்டளை நீதிமன்றத்தில் எடுக்காவிட்டால், எத்தனை வருடம் சோறூட்டி வளர்த்தாலும் அந்தப் பிள்ளை உரித்தாளர் அல்ல. எழுத்து எழுதாமல் கோயிலில் தாலி கட்டிய மனைவியும் கணவன் போன பிறகு மணத்தை நிறுவப் படாத பாடு படுவாள். கலியாண எழுத்து பத்து நிமிட வேலை.

உயிரோடிருக்கும்போதே பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுப்பதுதான் இங்கு அதிகம் நடக்கிறது. இங்கேதான் முதியவர்களைப் பற்றி எனக்குக் கவலை. சீவிய உருத்து வைத்து எழுதினீர்களா என்று கேளுங்கள். அதாவது காணி மகளுக்கு, ஆனால் தாய் தகப்பன் இருக்கும்வரை அதில் இருக்கவும் அனுபவிக்கவும் உரிமை அவர்களுக்கு. அந்த ஒரு வரி இல்லாமல் எழுதிக் கொடுத்த நாளே அவர்கள் தங்கள் வீட்டில் விருந்தாளிகள். பிள்ளை பெரும் நன்றிகேடாய் நடந்தால் நன்கொடையை இரத்துச் செய்யலாம். ஆனால் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அது முடியாது. தானே இன்னோர் உறுதி எழுதி முன்னதை அழித்துவிடலாம் என்று நினைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எண்பது வயதில் நீதிமன்றப் படி ஏறுவதைவிட, கொடுக்கும் நாளிலேயே அந்த வரியைக் கேட்டுப் போடுவது எவ்வளவோ மேல்.

வெளிநாட்டுப் பங்காளிகள் விஷயத்துக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இங்கே காணி வாங்குவதைத் தடுக்கிறது. கனடாப் பிரசையான மகனுக்கு அப்பாவின் காணி வராது என்று இதை வைத்துப் பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. உரித்தாகவோ மரணசாதனத்தாலோ நன்கொடையாலோ நெருங்கிய உறவினருக்கு வரும் காணியை அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் தடையில்லை. அற்றோணித் தத்துவத்தைப் பற்றியும், கொடுத்தவர் இறந்த பிறகும் அது செல்லும் என்று ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அதைக் கொடுத்தவர் இறந்த கணமே அதுவும் இறந்துவிடும். ரொறன்ரோவில் மாமா காலமான அடுத்த மாதம், அவர் தந்த தத்துவத்தை வைத்து இங்கே ஒருவர் ஒப்பமிட்ட உறுதி, வாங்கியவரின் கழுத்தில் விழும் கல்.

பிரிக்காத பங்கை வெளியாருக்கு விற்க நினைப்பவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூட்டுப் பங்காளிகளுக்கும், விற்பவரின் உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் முன்வாங்கும் உரிமை தருகிறது. அவர்களுக்கு அறிவிக்காமல் விற்றால் வழக்கு வரும்.

இடம்பெயர்ந்து போன வருடங்களில் யாரோ வந்து குடியிருந்த காணிகள் இருக்கின்றன. பத்து வருடம் எதிருரிமையோடு தடையின்றி ஆண்டால் உரிமை வரும் என்கிறது ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். யுத்தகாலத்தில் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே மாதத்திலிருந்து 2009 மே 18 வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. ஆனால் அதைப் பயன்படுத்தி வழக்குத் தொடரத் தந்த அவகாசம் இரண்டே வருடம். வலிகாமம் வடக்கில் பல குடும்பங்கள் அந்த நேரத்தில் தங்கள் காணியின் வாசலைக்கூட இன்னும் பார்க்கவில்லை.

உறுதி தொலைந்தவர்கள் மனம் உடைய வேண்டாம். நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் தெரிந்தால் பிரதி கேட்கலாம். பழைய உறுதியில் "முன்னுறுதி" என்று குறித்த இலக்கம் அடுத்த படியைக் காட்டும். அப்படியே படிப்படியாக இறங்கலாம். புதிதாக எழுதும் உறுதியை உடனே பதிவு செய்யுங்கள். ஒரே காணியை இருவருக்கு விற்றிருந்தால், 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டத்தின்படி நேர்மையாக விலை கொடுத்து முதலில் பதிந்தவர் பக்கம் பலம் உண்டு. செலவுக்கு வழி இல்லாதவர்கள் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அம்மம்மாவின் காணியின் பெயர் சீதனம். ஆறு பிள்ளைகளுக்கும் ஆறில் ஒன்று. அம்மா மட்டும்தான் அந்த வளவில் இருக்கிறா. மூன்று வருடமாக, ஒவ்வொரு சித்தியையும் மாமாவையும் தொலைபேசியில் பிடித்து, பங்கை அம்மாவுக்கு நன்கொடையாக எழுதச் சொல்லிக் கேட்டோம். லண்டன் சித்தி உயர்ஸ்தானிகராலயத்துக்கு மழையில் போய் நின்று ஒப்பமிட்டு அனுப்பினா. ஒரு மாமா தனக்குக் காணி வேண்டாம், ஆனால் பலாமரத்தைத் தறிக்கக் கூடாது என்று மட்டும் கேட்டார். ஒரு மாமா போய்விட்டார். அவருடைய மூன்று பிள்ளைகளும் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்கு உறுதியை வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லி விளங்கவைத்தது என் வேலை. மூத்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா அந்தக் கிணற்றிலா குளிச்சவர்?" என்று கேட்டாள்.

போன மாதம் நொத்தாரிசின் மேசையில் புதிய உறுதியின் வரைவு. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தா. எல்லைகள் சரி. நிலம் சரி. பனை, பலா சரி. கிணற்றில் இப்போது யாரும் தண்ணீர் அள்ளுவதில்லை. வளவுக்குள் குழாய்க்கிணறு அடித்து வருடங்களாயிற்று, அந்தப் பங்குக் கிணற்றின் துலா விழுந்தே எவ்வளவு காலம். நொத்தாரிசு அதை எழுதாமல் விட்டிருந்தார். அம்மா தாளைத் திருப்பி அவரிடம் நீட்டினா.

"தம்பி, கிணத்துப் பங்கு எங்க? எட்டில ஒண்டு. அதையும் எழுதுங்கோ."